அட்மின் சாவி யாரிடம் இருக்கிறது?

தாமிரபரணி கடலில் கலப்பதற்குச் சிறிது முன்னதாக, கொடிக்கால்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்திருக்கும் ஆத்தூரில், வருமானச் சான்றிதழுக்காகவோ பட்டா நகலுக்காகவோ ஒரு கணினிக்கு முன்னே காத்து நின்றவர் எவராயினும், 'சர்வர் டவுன்' என்ற இரண்டு சொற்களைக் கேளாமல் இருந்திருக்க முடியாது. ஆத்தூருக்கு மட்டும் உரிய பேச்சன்று அது. தூத்துக்குடித் துறைமுகத்தின் சரக்கு முகவர்கள் முதல் ஆறுமுகநேரி உப்பளங்களின் கணக்கர்கள் வரையில் இந்தக் கரையோரம் முழுவதும் அதைச் சொல்லாத நாவு இல்லை. சொல்கிறவரின் குரலில் இருக்கும் நிச்சிந்தையைத்தான் கவனிக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது என்று சொல்வதைப் போல, எவருடைய பொறுப்பிலும் சேராத, எவராலும் தடுக்க இயலாத ஓர் இயற்கை நிகழ்ச்சியாக அது அறிவிக்கப்படுகிறது. கேட்கிறவரும் மறுபேச்சு இல்லாமல், நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போகிறார்.

அந்தப் பேச்சின் நிழலில் ஒதுங்கிக்கொள்ளும் காரணங்கள் பல. மின்சாரம் நின்றிருக்கலாம், சாலையைத் தோண்டியவர்கள் கண்ணாடியிழைக் கம்பியையும் சேர்த்து அறுத்திருக்கலாம். இவற்றோடு, வெளியே இருப்பவருக்குச் சற்றும் தெரியவராத இன்னொரு காரணமும் உண்டு. சர்வர் சௌக்கியமாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அதில் ஒரு சிறு திருத்தம் செய்வதற்காக நிர்வாகியின் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு உள்ளே பிரவேசிக்க முயன்றவரை, உமக்கு அனுமதி இல்லை என்று அது வாசலிலேயே நிறுத்தியிருக்கும். தன் எஜமானரையே தடுத்து நிறுத்திவிட்ட இயந்திரத்தின் முன்னே உட்கார்ந்து, அதே எழுத்துக்களை மெதுவாகவும் வேகமாகவும் கோபமாகவும் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும் அவஸ்தையை அந்தத் தொழிலில் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள். இந்தச் சந்தர்ப்பத்தில் சர்வரை நொந்துகொள்வது பெரும்பாலும் அநியாயம் என்பது என் கட்சி. அது எதற்காக மறுத்தது என்பதைப் படிக்காமல் கதவைப் பெயர்த்தெடுக்கத் துணியும் நமது அவசரமும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதை ஒரு தாளில்கூட எழுதி வைக்காத நமது ஸ்தாபனங்களின் அலட்சியமுமே நாம் அஞ்சவேண்டியவை.

பொதுவாகப் பேசினால் விஷயம் பிடிபடாது; ஆகையால் குறிப்பிட்ட ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வலைச் செயலிகளைத் தாங்கி ஓட்டும் சர்வர்களில் உலகெங்கும் பரவியிருப்பவற்றுள் ஒன்று அப்பாச்சி டாம்கேட். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் தொடக்கத்தில் எழுதி, 1999இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் வசம் வந்து, அன்று முதல் விலையின்றி எவரும் எடுத்தாளத்தக்க பொதுச் சொத்தாக விளங்கும் இந்த மென்பொருளில், 'மேனேஜர்' என்று ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்துக்குள் சென்றவர் ஓடிக்கொண்டிருக்கும் செயலியை நிறுத்தலாம், நின்றதைத் தொடங்கலாம், புதிய செயலி ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றலாம். கடைசியாகச் சொன்ன அந்த அதிகாரம் இலேசானதன்று. தாம் விரும்பிய எந்த நிரலையும் அந்த இயந்திரத்தில் ஓடவைக்கும் வல்லமை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இதை உணர்ந்தே அதன் கர்த்தாக்கள் டாம்கேட்டை ஒரு நிர்வாகிகூட நியமிக்கப்படாத நிலையில் வெளியிடுகிறார்கள். புதிதாக நிறுவியவர் நேரே மேனேஜர் பக்கத்துக்குச் சென்று எதை இட்டாலும் மறுக்கப்படுவார். அப்படி மறுக்கப்பட வேண்டும் என்பதே அவர்கள் செய்த ஏற்பாடு.

நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் அதிகாரமும் எழுதப்படும் சிறிய கோப்பு ஒன்று டாம்கேட்டுக்குள் இருக்கிறது. மாதிரிக்காக அதில் இரண்டொரு வரிகள் தரப்பட்டிருந்தாலும், சர்வர் படிக்காமல் தாண்டிச் செல்லும் குறிப்புரை அடையாளங்களுக்குள் அவை அடைபட்டுக் கிடக்கும். அவசரக்காரர் அந்த அடையாளங்களை நீக்க மறந்து, அவற்றுக்குள்ளேயே தம் பெயரையும் எழுதிச் சேமித்துவிட்டு, எழுதியது கண்ணெதிரே இருக்கிறதே, ஏன் ஏற்க மறுக்கிறது என்று இராத்திரியெல்லாம் தவிப்பது இந்தத் தொழிலின் நித்திய ஹாஸ்யங்களுள் ஒன்று. பழைய குறிப்பேட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் வேறொரு வகையினர். முன்பு ஒரே பதவிக்குள் அடங்கியிருந்த மேனேஜர் அதிகாரம், ஏழாம் பதிப்பிலிருந்து, திரை வழியாக நிர்வகிப்பவர், நிரல் வழியாக நிர்வகிப்பவர், நிலைமையைப் பார்வையிட மட்டும் உரியவர் என்றெல்லாம் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைக்கப்பட்டது. பழைய பதவிப் பெயரையே எழுதியவருக்குப் பெயரும் சரி, கடவுச்சொல்லும் சரி. பிரவேசம் மட்டும் இல்லை.

மறுப்பைப் படிப்பதென்று நான் சொன்னதன் பொருள் இங்கே விளங்கும். திரையில் தோன்றும் எண் 401 ஆனால், நீர் இன்னார் என்பது எனக்கு நிரூபணமாகவில்லை என்று சர்வர் சொல்கிறது; 403 ஆனால், நீர் யாராக இருந்தாலும் இருந்துவிட்டுப் போம், இந்த இடத்துக்கு வர உமக்கு உரிமை இல்லை என்று சொல்கிறது. முன்னதற்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் அவை எழுதப்பட்ட கோப்பையும் பார்க்கவேண்டும். பின்னதற்கு அவற்றைத் தொடவே வேண்டாம், பதவியையும் வந்த வழியையும் விசாரிக்க வேண்டும். 403ஐக் கண்டு கலங்கிக் கடவுச்சொல்லை மாற்றத் தொடங்கியவர் எத்தனை தடவை மாற்றினாலும் அணுவளவும் முன்னேற மாட்டார். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதும். அறியாமையினால் வீணாகும் நேரத்துக்கோ கணக்கே இல்லை.

ஐந்து நிமிஷம் என்றதும் இன்னொன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஊகித்து ஊகித்துக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க முயலும் திருடரைத் தடுப்பதற்காக, ஒரே பெயரில் ஐந்து தடவை தவறு நேர்ந்தால் அந்தக் கணக்கை 300 விநாடிகளுக்குப் பூட்டிவிடும் காவல் ஒன்று டாம்கேட்டில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. பூட்டிய அந்த இடைவெளியில் சரியான கடவுச்சொல்லை இட்டாலும் அது ஏற்காது. தவறானதை இட்டாலோ காலக்கணக்கு முதலிலிருந்து மறுபடியும் தொடங்கும். ஆகவே, ஐந்து தடவை தடுமாறி, ஆறாவது தடவை மெய்யான கடவுச்சொல் நினைவுக்கு வந்து அதை இட்டவருக்கும் மறுப்பே கிடைக்கிறது; இதுவும் இல்லை போலும் என்று சரியானதை அவர் ஒதுக்கிவிட்டு வேறு பத்தைத் தட்டிப் பார்த்து, பூட்டின் காலத்தைத் தாமே நீட்டிக்கொண்டு போகிறார். எழுந்து சென்று ஒரு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, ஆற்றங்கரைக் காற்றை வாங்கிவிட்டுத் திரும்புவதே அந்த நிலையில் சாஸ்திர சம்மதமான சிகிச்சை. ஆத்தூரில் அதற்குக் குறைவில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையாயிற்றே!

வந்த வழியை விசாரிப்பது என்றேனே, அதுவும் இத்தகையதே. இந்நாளைய பதிப்புகளில் மேனேஜர் பக்கம், சர்வர் ஓடும் அதே இயந்திரத்திலிருந்து கேட்டால் மட்டுமே திறக்கும்படி, வருகிறவரின் முகவரியைச் சோதிக்கும் ஒரு தடுப்பைக் கொண்டிருக்கிறது. பக்கத்து அறையில் உள்ள கணினியிலிருந்து கேட்டாலும் 403 தான். கடவுச்சொல்லைக் கேட்கக்கூட மாட்டாது. இந்தத் தடுப்பு ஒரே ஒரு வரியில் எழுதப்பட்டிருப்பதனால், அந்த ஒரு வரியை நீக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்ற யோசனையைச் சொல்லிக்கொடுக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. தொல்லை தீர்வது உண்மை. பக்கத்து அறைக்குத் திறந்த கதவு அந்தக் கணத்திலேயே பூமண்டலம் முழுவதற்கும் திறந்துவிடுகிறது என்பதும் உண்மை. அலுவலகத்தின் உள்வலை முகவரிகளை மட்டும் அந்த வரியில் சேர்ப்பதற்கு இன்னும் கால் மணி நேரம் பிடிக்கும். அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிட மனமில்லாமையைத்தான் நான் அவசரம் என்கிறேன்.

வேறு காரணங்களும் இருக்கின்றன. அவற்றுள் சில நம் ஊருக்கே விசேஷமாகப் பொருந்துபவை. தமிழில் கடிதம் தட்டிவிட்டுத் தமிழ் விசைப்பலகையை மாற்றாமல் அப்படியே கடவுச்சொல்லைத் தட்டினால், திரையில் தோன்றுவது கரும்புள்ளிகளே ஆதலால், உள்ளே போய்க்கொண்டிருப்பது 'அ'வும் 'ப'வும் என்பது தட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அடிக்கடி மின்வெட்டுக்கு ஆளாகும் இயந்திரத்தில், உள்ளிருக்கும் சிறு பாட்டரி செத்துவிட்டால், கடிகாரம் பின்தங்கிவிடும்; 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஒருமுறைக் கடவெண்ணைக் கைப்பேசி சரியாகவே காட்டினாலும், சர்வர் தன் பிழையான கடிகாரத்தைப் பார்த்து அதை மறுத்துவிடும். வட்டு நிரம்பி வழிந்தால், உள்ளே வந்தவரின் அடையாளத்தை எழுதி வைக்க இடமில்லாமல், வந்த பக்கத்துக்கே அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். பெயர்களை வைத்திருக்கும் தரவுத்தளமே உறங்கிப்போனால், அந்த உண்மையை நேராகச் சொல்லாமல் கடவுச்சொல் தவறு என்று சொல்லிவிடும் செயலிகளும் உண்டு. இதில் மட்டும் சர்வரின் கட்சியை நான் பேசமாட்டேன், அதை எழுதியவர் செய்த அபசாரம் அது.

இத்தனை காரணங்களுள் நமக்கு நேர்ந்தது எது என்று எப்படி அறிவது? சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவேட்டைப் பார்த்து. எந்த முகவரியிலிருந்து, எந்த நாழிகையில், எந்தப் பெயரில், எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், என்ன பதில் தரப்பட்டது என்பதை ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரியாக அது எழுதிக்கொண்டே போகிறது. நம் தாலுகா அலுவலகங்களின் தபால் பதிவேடுகூட இவ்வளவு விசுவாசமாக எழுதப்படுவதில்லை. ஆயினும் அதைத் திறந்து படிப்பவர் மிகச் சிலர். படித்தால் சில வேளைகளில் நாம் தேடாத ஒன்றும் அகப்படும்: நிர்வாகி வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த இரவு இரண்டு மணிக்கு, அவர் பெயரிலேயே, அவர் அறியாத முகவரியிலிருந்து, விநாடிக்கு ஒரு தடவை யாரோ கதவைத் தட்டத் தொடங்கிக் காலைவரையில் விடாமல் தட்டியிருப்பார், அதனாலேயே கணக்கு பூட்டப்பட்டு, காலையில் வந்த உண்மையான நிர்வாகிக்கு மறுப்பு கிடைத்திருக்கும். அத்தகைய மறுப்பைக் கோளாறு என்று எண்ணி அந்தக் காவலையே அகற்றிவிடுகிறவர் யாருக்கு உபகாரம் செய்கிறார் என்று சொல்லவேண்டியதில்லை.

மறுக்கத் தவறிய கதவு என்ன செய்யும் என்பதற்கு, துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு நன்கு விளங்கக்கூடிய உதாரணம் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் துறைமுகத்தில் ஒரு வலை சர்வருக்குள் அந்நியர் புகுந்தனர். அவர்கள் புகுந்த வழி, ஊழியர்கள் மறந்துபோன கடவுச்சொல்லைத் தாமே புதுப்பித்துக்கொள்ள உதவும் ஒரு மென்பொருள்; அதைச் செய்தது, சென்னையை அடுத்துத் தலைமையகமும் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் புகழ்பெற்ற கிளையும் கொண்ட நம்முடைய சோஹோ நிறுவனத்தின் மேனேஜ்என்ஜின் பிரிவு. குறிப்பிட்ட விதமாகத் திரித்து எழுதிய முகவரியைக் கேட்டால், அடையாளம் விசாரிக்கும் வாசலைத் தாண்டி அந்த மென்பொருள் உள்ளே விட்டுவிடும் என்ற ஓட்டை அதில் இருந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் சோஹோ அதை அடைத்துத் திருத்திய பதிப்பை வெளியிட்டது. 16ஆம் தேதி அமெரிக்கப் புலனாய்வுத் துறையும் கடலோரக் காவல்படையும் சைபர் பாதுகாப்பு முகமையும் கூட்டாக எச்சரிக்கை விடுத்தன. 23ஆம் தேதி அந்த முகமையின் தலைவர் ஜென் ஈஸ்டர்லி செனட் குழுவின் முன்னே துறைமுகத்தின் பெயரைச் சொன்னார். துறைமுகத்தார் தாக்குதலை விரைவில் கண்டு தடுத்ததனால் சரக்குப் போக்குவரத்துக்கு ஊனம் நேரவில்லை. இதைச் சொல்வது சோஹோவைக் குறை கூறுவதற்காக அன்று. எவ்வளவு திறமைசாலிகள் கட்டினாலும் வாசல் காப்பது அருமையான காரியம் என்பதை நினைவூட்டவே. அத்தனை அருமையான காரியத்தை, ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும் இடத்தில் நாமே வலியச் சென்று கெடுக்கலாமா?

கெடுத்தவர்களுக்கும் பஞ்சமில்லை. 14 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் அந்தரங்க விவரங்களைப் பறிகொடுத்ததாக 2017 செப்டம்பரில் அறிவித்த ஈக்விஃபாக்ஸ் என்ற கடன்மதிப்பீட்டு நிறுவனத்தின் அர்ஜென்டினா கிளையில், ஊழியர்களுக்கான வலைவாசல் ஒன்று, பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்' என்ற நிலையில் திறந்து கிடந்ததை அதே மாதம் பாதுகாப்பு நிபுணர்கள் கண்டறிந்து சொன்னார்கள். புகார் கொடுத்த நுகர்வோரின் தேசிய அடையாள எண்கள் உள்ளே இருந்தன. யாரோ ஒருவர், என்றோ ஒருநாள், நுழைய முடியாத எரிச்சலிலோ மறந்துவிடுமோ என்ற பயத்திலோ, தற்காலிகமாக இருக்கட்டும் என்று வைத்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம். தற்காலிகம் என்று வைக்கப்பட்ட கடவுச்சொல்லுக்கு உள்ள ஆயுளை நம்மூர்த் தற்காலிகக் கட்டடங்களிடம்தான் பார்க்க முடியும். இணையத்தோடு இணைக்கப்படும் சாதனங்களில் இப்படிப்பட்ட பொதுக் கடவுச்சொல்லை வைத்து விற்பதையே 2020 தொடக்கத்திலிருந்து கலிபோர்னியாவும், 2024 ஏப்ரலிலிருந்து பிரிட்டனும் சட்டத்தால் தடுத்திருக்கின்றன.

இதுவரை சொன்னது நுட்பம் அறிந்தவர்களின் காரியம். இனிச் சொல்வது அதிகாரத்தில் இருப்பவர்களின் காரியம். என் முறையீடு முக்கியமாக அவர்களிடத்திலேயே. எத்தனையோ சந்தர்ப்பங்களில் நிர்வாகிக்கு நுழைவு மறுக்கப்படுவதன் காரணம் கோப்பிலும் இல்லை, கடிகாரத்திலும் இல்லை. மெய்யான கடவுச்சொல்லை அறிந்தவர் அந்த ஸ்தாபனத்திலேயே இல்லை. செயலியை நிறுவிக்கொடுத்த ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்த இளைஞர் ஒருவருக்கு அது தெரியும். அவர் இப்போது கோயம்புத்தூரிலோ துபாயிலோ இருக்கிறார். அவருடைய கைப்பேசி எண்ணும் மாறிவிட்டது. ஸ்தாபனத்தின் தலைவருக்குத் தம் அலுவலகத்தின் மேஜை நாற்காலிகள் எத்தனை என்பது பட்டியலோடு தெரியும். தம் சர்வருக்கு எத்தனை நிர்வாகிகள், அவர்கள் யார் யார் என்பது தெரியாது.

செல்வமும் விஞ்ஞானமும் கொழித்த நகரத்துக்கும் இந்தக் கதி நேர்ந்ததுண்டு. 2008 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ நகராட்சியின் கணினி வலையமைப்பைத் தனி ஒருவராகப் பராமரித்து வந்த பொறியாளர், அதன் நிர்வாகக் கடவுச்சொற்களை மேலதிகாரிகளிடம் ஒப்படைக்க மறுத்துச் சிறைக்குச் சென்றார். வலையமைப்பு என்னவோ வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் உடைமையாளராகிய நகராட்சியால் அதற்குள் நுழைய முடியவில்லை. கடைசியில் மேயர் கேவின் நியூசம் தாமே சிறைக்குச் சென்று, அந்தப் பொறியாளரின் வாயிலிருந்து கடவுச்சொற்களை வாங்கிவர வேண்டியதாயிற்று. 2010இல் அவருக்கு நான்கு ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை ஒருவருக்கானாலும், ஒரு மாநகரத்தின் சாவிகளையெல்லாம் ஒரே மனிதரின் ஞாபகத்தில் வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருந்த மேலதிகாரிகளை எந்த நீதிமன்றம் விசாரித்தது என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

இந்தச் சிக்கலுக்கு நாம் அமெரிக்காவிலிருந்து வைத்தியம் இறக்குமதி செய்யவேண்டிய அவசியமில்லை. நம் கருவூலங்களில் இரட்டைப் பூட்டு என்ற முறை பன்னெடுங் காலமாக இருந்து வருகிறது. முத்திரைத்தாள்களும் மதிப்புமிக்க பொருள்களும் உள்ள அறைக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி அதிகாரியிடம், மற்றொன்று பொக்கிஷப் பொறுப்பாளரிடம். இருவரும் சேர்ந்து வந்தாலன்றிக் கதவு திறவாது. அதிகாரி மாற்றலாகிப் போனால், உள்ளே இருப்பதை எண்ணிப் பார்த்து, சாவியை வாங்கிக்கொண்டேன் என்று வருகிறவர் கையொப்பமிட்ட பிறகே போகிறவர் விடுதலை பெறுவார். இந்த ஜாக்கிரதையை வகுத்தவர்கள் மனிதர்களை அவநம்பிக்கையோடு பார்த்தவர்கள் அல்லர். மனிதர்கள் மாறுவார்கள், மறப்பார்கள், நோயுறுவார்கள், இறப்பார்கள் என்பதை அறிந்தவர்கள். ஒரு பேரூராட்சியின் வரிக்கணக்கும், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் கணக்கும், ஒரு மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகளும் முத்திரைத்தாளைவிட மதிப்புக் குறைந்தவை என்று யார் சொல்வார்? அவை சர்வருக்குள் குடிபோன அன்றைக்கே இரட்டைப் பூட்டும் கூடவே போயிருக்க வேண்டும், போகவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பகுதியில் மறந்தவர் இருக்கமாட்டார்கள். ஆத்தூருக்குத் தெற்கே சிறிது தூரத்தில் உள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டு, கொடிக்கால்கள் நீரில் மூழ்கி, சாலைகள் அறுந்து, மின்சாரமும் தொலைபேசியும் அற்று, ஊர்கள் தீவுகளாயின. அத்தகைய நாட்களில் தண்ணீர் வடிந்தபின் ஒரு சர்வரைத் திரும்ப எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். கடிகாரம் பின்தங்கியிருக்கும், ஒருமுறைக் கடவெண் வரவேண்டிய கைப்பேசிக்குக் கோபுரம் இராது, கடவுச்சொல் அறிந்தவர் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பார். அப்போது பயன்படுவது, இத்தகைய இக்கட்டுக்கென்றே தனியாக அமைத்த ஒரு நிர்வாகிக் கணக்கும், அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, முத்திரையிட்டு, இரும்புப் பெட்டியில் வைத்திருக்கும் பழைய காலத்து உறையும்தான். கடவுச்சொல்லைத் தாளில் எழுதக்கூடாது என்று உபதேசிப்பவர்களோடு நான் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிய தாள் ஒன்று; இருவர் கையொப்பத்தோடு பெட்டிக்குள் பூட்டிய தாள் முற்றிலும் வேறொன்று.

அரசாங்கம் இந்த விஷயத்தில் சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28ஆம் தேதி பிறப்பித்த உத்தரவில், அத்துமீறல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாட்கள் காப்பாற்ற வேண்டும், கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தி வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. எழுதியது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பதிவேட்டைக் காப்பாற்றச் சொன்ன உத்தரவு அதைப் படிக்கும் ஆளையும் உண்டாக்கித் தந்துவிடாது. பக்கத்துக் கூடங்குளத்தில் 2019இல் நடந்தது நினைவிருக்கலாம்: அணுமின் நிலையத்தின்மீது இணையவழித் தாக்குதல் நடக்கவே இயலாது என்று அக்டோபர் 29ஆம் தேதி அறிக்கை வந்தது, மறுநாளே, நிர்வாக வேலைகளுக்கான ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4ஆம் தேதியே செர்ட்-இன் அதைத் தெரிவித்துவிட்டது, அணுஉலைகளை இயக்கும் வலையமைப்போடு அதற்குத் தொடர்பில்லை என்று அணுமின் கழகம் அறிவித்தது. முதல் நாள் அறிக்கை எழுதியவர், தம் ஸ்தாபனத்துக்கு ஏற்கெனவே வந்திருந்த தகவலைப் படித்திருந்தால், மறுநாள் அறிக்கையை அன்றே எழுதியிருக்கலாம்.

சிறிய ஊர்களின் சிறிய அலுவலகங்களில் இதற்கெல்லாம் ஆள் ஏது, பணம் ஏது என்ற ஆட்சேபத்தை நான் அறிவேன்; அது முற்றிலும் நியாயமற்றதும் அன்று. ஆத்தூர் போன்ற ஒரு பேரூராட்சிக்குத் தனியாக ஒரு கணினிப் பொறியாளரை நியமிக்கச் சொல்வது நடக்கிற காரியமாகாது. ஆனால் பொறியாளர் இல்லாமையும் பொறுப்பாளர் இல்லாமையும் வெவ்வேறு. நிர்வாகிக் கணக்குகள் எத்தனை, யார் பெயரில் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைக்கவும், ஒருவர் விலகிய அன்றே அவர் கணக்கை நீக்கவும், ஒரே கணக்கைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளாமல் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் கொடுக்கவும், மாதம் ஒருமுறை பதிவேட்டைத் திறந்து வெளியூர் முகவரிகள் ஏதும் தட்டியிருக்கின்றனவா என்று பார்க்கவும், எழுத்தறிவும் சிரத்தையும் உள்ள ஒரு குமாஸ்தா போதும். இயந்திரம் மறுத்தவுடன் இன்ன நேரத்தில் இன்ன எண் வந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு பொறியாளரைக் கூப்பிட்டால், பொறியாளரின் பாதி வேலையை அவர் முடித்துவிட்டார் என்றே அர்த்தம்.

செலவே இல்லாத இன்னொரு காரியமும் உண்டு. அதை அடுத்த ஒப்பந்தத்திலேயே தொடங்கலாம். செயலியை நிறுவித் தரும் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் நாளன்று, ஸ்தாபனத்தின் அதிகாரி அவர் முன்னிலையில் உட்கார்ந்து, தாமே வைத்த கடவுச்சொல்லால் நிர்வாகியாக உள்ளே நுழைந்து, ஒப்பந்தக்காரரின் கணக்கைத் தம் கையாலேயே நீக்கி, மறுபடியும் அந்தப் பழைய கணக்கில் அவரை ஒருமுறை நுழையச் சொல்லி, சர்வர் அவரை மறுப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே காசோலையில் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு நிபந்தனையை எழுதிச் சேர்ப்பதற்கு, வழக்கறிஞரும் வேண்டியதில்லை, சென்னைக்குக் கோப்பு அனுப்பவும் வேண்டியதில்லை.